இரவல் மூச்சு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ், அடிவாரத்தைத் தாண்டியதும் முனக ஆரம்பித்துவிடும். வளைவுக்கு வளைவு அந்த முனகல் ஜாஸ்தியாகும். பஸ்ஸுக்காவது டிரைவர் கியரை மாற்றிக் கொடுக்கிறார். மலைமேல் இறங்கி, நண்பர் ஒருவரின் பலாத் தோப்பைப் பார்க்க ஒற்றையடிப் பாதையில் ஏறிய எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. கால் மணி நேரத்துக்குள் நெஞ்சு கொல்லன் துருத்தி ஆகிவிட்டது. கண்ணில் பட்ட முதல் பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலேயே ஒரு பெரியவர் வந்தார். வயது எழுபதுக்குக் குறையாது. தலையில் சாமை மூட்டை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். களைப்பினால் அல்ல; எனக்கு மரியாதை செய்வதற்காக.

"ஐயாவுக்கு மலை பழக்கமில்லீங்க. பையப் பைய ஏறுங்க. எனக்கும் ரெண்டு வருசத்துக்கு முந்தி இப்படித்தான். நாலு அடி வச்சா நெஞ்சை அடைச்சிக்கும். இருமினா ரத்தம் வரும்."

"அப்புறம் எப்படிக் குணமாயிற்று?"

"சர்க்கார் ஆஸ்பத்திரியில ஆறு மாசத்துக்கு மாத்திரை குடுத்தாங்க. அதை முழுங்கினா ஒண்ணுக்குக்கூடச் சிவப்பாப் போவுது. ரெண்டு மாசத்துல இருமல் நின்னுபோச்சு, இனிமே எதுக்குன்னு விட்டுடப் பார்த்தேன். எங்க மருமவ விடலீங்க. மாத்திரையை முழுங்கிட்டு வாயைத் தொறந்து காட்டினாத்தான் கூழு ஊத்துவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, நான் ஏற அஞ்சிய மேட்டில் சர்வசாதாரணமாக ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகும், நான் பார்த்திராத அந்த மருமகள் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒருவருடைய நுரையீரலை எடுத்து இன்னொருவருக்கு வைக்கும் சிகிச்சையின் சரித்திரத்தை அந்த நாட்களில் நான் படித்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு குறை. பத்திரிகைகளில் வரும் இந்தச் சேதிகள் எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன. போலீசார் வழிவிட, ஆம்புலன்ஸ் பறக்கிறது. டாக்டர்கள் விடிய விடியப் பாடுபடுகிறார்கள். கடைசியில் நோயாளி பூச்செண்டுடன் படம் எடுத்துக்கொள்கிறார். சுபம். கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் கல்யாணத்தைப் பண்ணி வைத்துக் கதையை முடிக்கிற குற்றத்தை நானும் பல முறை செய்திருக்கிறேன். ஆனால் குடித்தனம் கல்யாணத்துக்கு மறுநாள்தானே ஆரம்பமாகிறது? பூச்செண்டு வாடிய பிறகு அந்த மனிதர் என்ன ஆனார்? அந்த மருமகள்தான் எனக்கு அதற்கு விடை சொன்னாள்.

ஜவ்வாது மலையின் வடபக்கம் இறங்கிச் சற்றுத் தூரம் போனால் வேலூர். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை, பிற்பாடு கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1940-களின் கடைசியில் ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். மார்பைத் திறந்து செய்யும் ரண சிகிச்சைக்கென்று இந்தியாவில் முதன்முதலாகத் தனித் துறை ஏற்பட்டது அவரால்தான்.

அந்தக் காலத்தில் நுரையீரல் வியாதி என்றாலே க்ஷயரோகம்தான். விலா எலும்புகளை எடுத்து மார்பை ஒடுக்குவார்கள். புண்பட்ட நுரையீரல் சுருங்கி ஓய்வெடுத்தால் ஆறிவிடும் என்பது நம்பிக்கை. சில பேருக்கு நுரையீரலின் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பார்கள். முழுதாக ஒரு பக்கத்து நுரையீரலை எடுத்துவிட்டாலும் மனிதன் பிழைப்பான் என்பதை 1933-ல் அமெரிக்காவில் எவர்ட்ஸ் கிரஹாம் நிரூபித்தார். அவரிடம் புற்றுநோய்க்காக அந்தச் சிகிச்சை செய்துகொண்டவரும் ஒரு டாக்டர்தான். விசித்திரம் என்னவென்றால், ஒற்றை நுரையீரலோடு அந்த நோயாளி பல்லாண்டு வாழ்ந்தார். இரண்டு நுரையீரலும் இருந்த கிரஹாம், 1957-ல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். நோயாளி அப்போதும் உயிரோடு இருந்தார்.

எடுக்கத் தெரிந்துகொண்ட மனிதனுக்கு வைத்துப் பார்க்கவும் ஆசை வந்தது. 1963-ம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்தின் ஜாக்ஸன் நகரில் ஜேம்ஸ் ஹார்டி என்ற டாக்டர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு மாற்று நுரையீரல் பொருத்தினார். அந்த மனிதர் ஆயுள் தண்டனைக் கைதி. புது நுரையீரல் வேலை செய்தது. ஆனால் சிறுநீரகம் கெட்டுப் பதினெட்டாம் நாள் அவர் காலமானார்.

அடுத்த இருபது ஆண்டுகள் ஒரே ஏமாற்றந்தான். உலகத்தின் பல நகரங்களில் சுமார் நாற்பது பேருக்குச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. பெல்ஜியத்தில் 1968-ல் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் மட்டும் பத்து மாதம் இருந்தார். அதுவே அன்றைக்குப் பெரிய சாதனை.

ஏன் இப்படி? சிறுநீரகமும் இருதயமும் உடம்புக்குள் பூட்டிய அறையில் இருப்பவை. நுரையீரலோ கதவில்லாத திண்ணை. ஊர்த் தூசி, புகை, கிருமி எல்லாம் நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை வந்து போகும் இடம். அந்நியருடைய உறுப்பை உடம்பு விரட்டப் பார்க்கும். விரட்டாதபடி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கினால், திண்ணைக்கு வருகிற கிருமி சட்டமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது போதாதென்று மூன்றாவது கஷ்டம் ஒன்றும் இருந்தது. மூச்சுக்குழாயை ஒட்டுப் போட்ட இடம் ஆறாமல் பிய்த்துக்கொண்டது. அந்தக் குழாய்க்கு இரத்தம் கொண்டுவரும் சின்னஞ்சிறு நாளங்கள் அறுபட்டுப் போவதும், அதிகமாகக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்துமே காரணம் என்று பிற்பாடு கனடாவில் டொரண்டோ நகரத்து டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

இந்த இக்கட்டுக்கு விமோசனம் ஒரு மலை மண்ணிலிருந்து வந்தது. நார்வே தேசத்தில் ஹார்டாங்கர்விட்டா என்று குளிர்ந்த பீடபூமி ஒன்று உண்டு. 1969-ல் அங்கே விடுமுறைக்குப் போன ஸ்விட்ஸர்லாந்து மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர், திரும்பும்போது ஒரு பிடி மண்ணை எடுத்து வந்தார். அந்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சைக் காளானில் கிடைத்த மருந்துதான் சைக்ளோஸ்போரின். உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுவதையும் நசுக்காமல், அந்நிய உறுப்பை விரட்டும் பிரிவை மாத்திரம் அது அடக்கியது. 1984-ல் ஜப்பானில் ட்ஸுகுபா மலையடிவார மண்ணிலிருந்து இன்னும் வலுவான டாக்ரோலிமஸ் கிடைத்தது. மாற்று நுரையீரல் வைத்துக்கொண்டவர்கள் இன்றைக்கும் பெரும்பாலும் விழுங்குவது இதைத்தான். ஜவ்வாது மலைப் பெரியவர் விழுங்கிய சிவப்பு மருந்தான ரிஃபாம்பிஸினும், 1957-ல் பிரான்ஸ் தேசத்துக் கடலோரப் பைன் தோப்பு மண்ணில் கண்டெடுத்த கிருமியின் வழியாகவே வந்தது. நாம் காலில் ஒட்டினால் தட்டிவிடுகிற மண்ணுக்குள் என்னென்ன இருக்கிறதோ, யார் கண்டார்கள்!

1983 நவம்பரில், அதே டொரண்டோவில், ஜோயல் கூப்பர் புது மருந்தின் துணையோடு மறுபடியும் முயன்றார். ஒட்டுப் போட்ட மூச்சுக்குழாயைச் சுற்றி, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையைக் கொண்டுவந்து சுற்றினார். அதிலிருக்கும் இரத்த ஓட்டத்தில் ஒட்டு ஆறிவிடும் என்பது அவருடைய கணக்கு. நோயாளியின் பெயர் டாம் ஹால். வயது 58. இதற்கு முன் 44 பேருக்குச் செய்தும் பலிக்கவில்லை என்று டாக்டர்கள் ஒளிக்காமல் சொன்னார்களாம். 45-வது ஆளாக இருக்கக் கொடுத்து வைத்ததற்கு அவர் நன்றி சொன்னார் என்பார்கள். சில மாதங்களில் உத்தியோகத்துக்குத் திரும்பினார். ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

கத்தியின் கதை ஏறக்குறைய இங்கே முடிகிறது. பூச்செண்டுப் படமும் எடுத்தாயிற்று. இனிமேல் குடித்தனத்தின் கதை.

இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டுக் கச்சேரி நடந்தாலும் அவள் கை அடிக்கொரு தரம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். இரவல் நுரையீரல் வைத்துக்கொண்டவருடைய வாழ்க்கையும் அப்படித்தான். பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம், காலையிலும் இரவிலும், குறித்த நேரத்தில் மாத்திரை. மருந்து இரத்தத்தில் குறைந்தால் உடம்பு நுரையீரலை விரட்டும். கூடினால் சிறுநீரகம் கெடும். பம்பளிமாஸ் பழம் தின்றால்கூட மருந்தின் அளவு ஏறிவிடும் என்று தடுக்கிறார்கள். உயிர் காக்கும் மருந்து மண்ணில் பிறந்தது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவர் தோட்டத்தில் மண்ணைக் கிளறலாகாது. அதிலுள்ள பூஞ்சை மூச்சோடு உள்ளே போய்விடும். வைத்த நுரையீரலுக்கு நரம்புத் தொடர்பு அறுந்துபோனதால், கபம் சேர்ந்தால்கூடத் தெரியாது. தானாக இருமல் வராது. நினைவு வைத்துக்கொண்டு இருமித் துப்ப வேண்டும். தினமும் நடக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் என் மனசுக்குப் பிடித்தது ஒரு சின்னக் கருவி. உள்ளங்கை அளவு இருக்கும். தினந்தோறும் காலையில் அதற்குள் பலங்கொண்ட மட்டும் ஊதினால், மூச்சு எவ்வளவு என்று எண்ணில் காட்டும். அதை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரவேண்டும். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு குறைந்து, இரண்டு நாள் அப்படியே நின்றால் உடனே டாக்டருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். நோயாளிக்கு அப்போது ஒரு கஷ்டமும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே சண்டை தொடங்கியிருக்கும். அன்றைக்கே போனவர்களுக்கு வைத்தியம் உண்டு. "நன்றாகத்தானே இருக்கிறேன், அடுத்த மாதம் போகலாம்" என்றவர்கள் பலர் நுரையீரலை இழந்திருக்கிறார்கள்.

பலன் என்ன? இன்று சிகிச்சை செய்துகொள்பவர்களில் 100-க்கு 85 பேர் போல முதல் ஆண்டைத் தாண்டுகிறார்கள். ஆனால் சிறு மூச்சுக்குழாய்கள் மெல்ல மெல்ல அடைத்துப்போகும் நாட்பட்ட நிராகரிப்பு என்ற தொல்லை, ஐந்தாண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேரைப் பிடிக்கிறது. 1990-களில் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தார்கள். 2010-க்குப் பிறகு அந்த எல்லை ஆறரை ஆண்டுக்குச் சற்று மேலே போயிருக்கிறது. இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். இந்தச் சிறு முன்னேற்றமும் கத்தியின் கூர்மையால் மட்டும் வந்ததல்ல. மாத்திரை தவறாமல், ஊதிப் பார்ப்பது தவறாமல், வீடு விழித்திருந்ததற்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

'வீட்டிலே பார்த்துக்கொள்வதாவது! பெரிய வியாதிக்குப் பெரிய ஆஸ்பத்திரிதானே?' என்று வாசகர்கள் நினைக்கலாம். உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. அந்த நினைப்பைத் திருத்திய ஊர் நம்முடைய சென்னை.

1956-ல் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கியது. சென்னை சர்க்கார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் சேர்ந்து நடத்தினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் முன்னின்றார். 193 ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரிய வாசம்: நல்ல காற்று, படுக்கை, பால், முட்டை. மற்றப் பிரிவு, நெருக்கமான வீடுகளிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தது. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து. ஓராண்டு கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவே குணமாகியிருந்தார்கள். கூட இருந்த பெண்டு பிள்ளைகளுக்கு வியாதி அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியாயிற்று. அதற்குப் பிறகு உலகமெங்கும் சானடோரியங்களுக்கு வேலை குறைந்தது.

ஆனால் அதிலே ஒரு நிபந்தனை இருந்தது. மருந்து உள்ளே போயாக வேண்டும். அதற்காகச் சிகிச்சை நிலையத்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். உடம்பு தேறியதும் மாத்திரையைத் தள்ளிவிடுவது படித்தவன், படிக்காதவன் எல்லோருக்கும் பொதுவான சுபாவம் என்று கண்டார்கள். ஆகவே, பக்கத்தில் இருந்து விழுங்க வைக்க ஓர் ஆள் வேண்டும் என்ற ஏற்பாடு பிறந்தது. ஜவ்வாது மலையில் கூழ்ச்சட்டியை வைத்துக்கொண்டு அதிகாரம் செய்த மருமகள், சேத்துப்பட்டில் கண்டுபிடித்த அதே சூத்திரத்தைத்தான் அனுசரித்திருக்கிறாள்!

இரண்டு கதைகளும் நம் நாட்டில் ஓரிடத்தில் முட்டிக்கொள்ளவும் செய்கின்றன. க்ஷயக் கிருமி நம்மில் அநேகரிடம் தூங்கிக்கொண்டிருக்கிறது. மாற்று உறுப்புக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கினால், அது கண் விழிக்கும். அப்போது பெரியவரைப் பிழைக்க வைத்த சிவப்பு மருந்தைக் கொடுத்தால், அது டாக்ரோலிமஸை இரத்தத்திலிருந்து வேகமாக விரட்டிவிடும். ஒன்றைக் காக்கப் போனால் ஒன்று போகிறது. டாக்டர்கள் மருந்தை மாற்றி, அளவைக் கூட்டி, இரத்தத்தை அடிக்கடி சோதித்துச் சமாளிக்கிறார்கள். மேல்நாட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே காலம் தள்ள முடியாது.

தமிழ்நாட்டில் உறுப்பு தானத்துக்கு 2008-ம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டில்தான் சர்க்கார் இதற்கு ஒழுங்கான விதிமுறைகளை வகுத்தது. செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் இளம் மகனுடைய உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அந்தப் பெற்றோரின் மனத்தை நினைத்து நாடே கலங்கியது. அதே சமயம் பல குடும்பங்களுக்குத் தைரியமும் வந்தது. 2020 ஆகஸ்டில், கொரோனாவினால் நுரையீரல் பாழான ஒருவருக்குச் சென்னையில் இரண்டு நுரையீரல்களையும் மாற்றினார்கள். 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

இப்படி, துக்கத்தின் உச்சியில் நிற்கும் ஒரு தாய் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கொடுத்த மூச்சு அது. அதை ஒரு மாத்திரை மறதியில் தொலைத்துவிடலாமா? 'பிறகு என்ன ஆயிற்று?' என்ற கேள்வி நோயாளிக்கு மட்டும் உரியதல்ல. கொடுத்தவளுக்கும் அதைக் கேட்க உரிமை உண்டு.

மலையிலிருந்து இறங்கும் நாளில் காவலூர் வழியாக வந்தேன். 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய தூரதரிசினி, வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வானம் தெளிவாகத் தெரியும் என்றுதான் வானசாஸ்திரிகள் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே மலையில், சின்னக் குடிசைகளுக்குள் பெண்கள் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைக்கிறார்கள். நட்சத்திரத்துக்குக் கிடைத்த தெளிந்த காற்று, அடுப்படிக்குக் கிடைக்கவில்லை.

இந்த மலைவாசி ஒருவருக்கு நாளைக்கே மாற்று நுரையீரல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் பூச்செண்டுப் படமும் எடுத்தாயிற்று. அடிக்கடி போக வேண்டிய சோதனைக்கு அவர் எத்தனை பஸ் ஏறுவார்? ஊதிப் பார்க்கிற கருவியில் எண் குறைந்தால் இரவு எட்டு மணிக்கு யாரிடம் சொல்வார்? 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வழி இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. அந்த வழியில் இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். ஊருக்கு ஒரு நர்ஸ், அவள் கையில் அந்தச் சின்னக் கருவி, கூப்பிட்டால் பேசுகிற டாக்டர். இவ்வளவும் அமைந்தால், மாற்று நுரையீரல் வேண்டியிருக்கிற ஒருவர் மட்டுமல்ல, க்ஷயத்திலும் புகையிலும் மூச்சு குறைந்துகொண்டு வரும் நூறு பேர், மாற்று நுரையீரல் தேவைப்படும் நிலைக்குப் போகாமலே பிழைப்பார்கள்.

பஸ் புறப்படும்போது, மருமகளின் பெயரைப் பெரியவரிடம் கேட்டுக்கொள்ளாமல் விட்டோமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஹார்டியின் பெயரும் கூப்பரின் பெயரும் சரித்திரத்தில் இருக்கின்றன, இருக்க வேண்டியவைதான். ஆனால் அவர்கள் முடித்த இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறவர்கள் இப்படிப் பெயர் தெரியாத வீடுகளில்தான் இருக்கிறார்கள். அடுத்த தடவை மலை ஏறும்போது அந்தப் பாறையில் மறுபடியும் உட்கார்ந்து, பெரியவர் வருகிறாரா என்று பார்க்க வேண்டும்.